அந்த ஒரு பேர் மட்டும் மாறியிருந்தா…

கொஞ்சம் நீளமான பதிவு இது. ஒரு டம்ளர் டீயோடு உட்கார்ந்து வாசியுங்கள். பாதியில் விட்டுவிட்டு லைக் மட்டும் போடுகிறவர்கள் யார் யாரென்று எனக்குத் தெரியும். கடைசி பெஞ்சைப் பார்த்தே பழகிய கண் இது.

ஜூன் மாதம் பிறந்தால் அமெரிக்காவில், டல்லாஸில் இருக்கும் நம் மாணவர் ஒருவர் எனக்கு ஒரு பட்டியல் அனுப்பிவிடுவார். என்.பி.ஏ. டிராஃப்ட் பட்டியல். தேவதானத்துக் கணக்கு வாத்தியாருக்கும் அமெரிக்க பாஸ்கெட்பாலுக்கும் என்ன சம்பந்தம் என்று வீட்டுக்குப் புதிதாக வந்த மருமக்கள் கேட்கலாம். ஸ்கோர் எழுத ஆள் இல்லை என்று ஒரு நாள் பி.டி. சார் என்னைக் கூப்பிட்டு கோர்ட் ஓரத்தில் உட்கார வைத்தார். ஓய்வு பெறும் வரை அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். மற்றபடி ராஜபாளையத்துப் பக்கத்துக்காரர்களுக்கு பாஸ்கெட்பால் மேல் ஆசை எப்படி வந்தது என்று விளக்க வேண்டியதில்லை. சாயங்காலம் லைட் வெளிச்சத்தில் மேட்ச் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாமெல்லாம்.

அந்த மாணவர் பட்டியலோடு எப்போதும் ஒரு கேள்வியும் அனுப்புவார். “சார், அன்னைக்கு இவரை எடுக்காம அவரை எடுத்திருந்தா என்ன ஆயிருக்கும்?” வருடத்துக்கு ஒன்றாக இப்படிப் பல கேள்விகள் சேர்ந்துவிட்டன. அவருக்குத் தனியாக எழுதுவதைவிட எல்லோருக்குமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். இதில் அவரைவிட இன்னொருவருக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. அவரைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

முதலில் டிராஃப்ட் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு. நம் பிள்ளைகள் இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்குப் போவார்கள் அல்லவா, அதைத் தலைகீழாக நினைத்துக்கொள்ளுங்கள். கவுன்சிலிங்கில் மார்க் அதிகம் வாங்கிய பிள்ளை முதலில் போய் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும். டிராஃப்டில் கல்லூரி வந்து பிள்ளையைத் தேர்ந்தெடுக்கும். அதிலும், போன சீசனில் மோசமாகத் தோற்ற அணிகளுக்கு முன்வரிசையில் இடம். தோற்றவன் தூக்கிவிடப்பட வேண்டும் என்ற நியாயம்தான். இப்போது 30 அணிகள், ஆளுக்கு 2 சுற்று, மொத்தம் 60 பெயர். பையனுக்கு எந்த ஊர் பிடிக்கும் என்று யாரும் கேட்பதில்லை.

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் தாத்தா 1984-ஆம் வருடத்து டிராஃப்ட். ஜூன் 19, நியூயார்க். அந்தக் காலத்தில் முதல் இடம் யாருக்கு என்பதை நாணயம் சுண்டித்தான் முடிவு செய்தார்கள். கிழக்கில் கடைசி அணி, மேற்கில் கடைசி அணி, இருவருக்கும் பூவா தலையா. ஹூஸ்டன் ஜெயித்தது. ஹக்கீம் ஒலாஜுவானை எடுத்தது. இரண்டாம் இடம் போர்ட்லேண்டுக்கு. அவர்கள் 7 அடி 1 அங்குல உயரமுள்ள சாம் போவியை எடுத்தார்கள். மூன்றாவதாக சிகாகோ எடுத்த பையன் பெயர் மைக்கேல் ஜோர்டன்.

இதற்கு மேல் என்ன நடந்தது என்று பாஸ்கெட்பால் பந்தைத் தொடாதவர்களுக்கும் தெரியும். ஜோர்டன் 6 முறை சாம்பியன். போவிக்குக் கால் எலும்பு திரும்பத் திரும்ப முறிந்தது. கல்லூரியிலேயே காலில் அடிபட்டு இரண்டு வருடம் ஆடாமல் இருந்தவர் அவர். அணி மருத்துவர்கள் காலைத் தட்டித் தட்டி “வலிக்கிறதா” என்று கேட்டபோது வலியை மறைத்து இல்லை என்று சொன்னதாக 2012-ல் வந்த ஒரு ஆவணப்படத்தில் அவரே பேசினார். வேலை கிடைக்க வேண்டுமே என்று பயந்த பையன் சொல்லும் பதில்தான் அது. எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை.

40 வருடமாக போர்ட்லேண்டைக் கேலி செய்கிறார்கள். ஆனால் அன்றைக்கு அவர்கள் கையில் இருந்த கணக்கைப் பாருங்கள். ஜோர்டன் ஆடும் அதே இடத்தில் ஆட அவர்களிடம் ஏற்கெனவே கிளைட் டிரெக்ஸ்லர் இருந்தார். முந்தின வருடம்தான் 14-வது ஆளாக எடுத்திருந்தார்கள். ஜிம் பாக்ஸன் என்று இன்னொருவரும் இருந்தார். இல்லாதது ரிங்குக்குக் கீழே நிற்க ஒரு உயரமான ஆள். வீட்டில் அரிசி இரண்டு மூட்டை இருக்கும்போது, பருப்பு வாங்கப் போனவன் பருப்பைத்தானே வாங்குவான்? அந்த அரிசி உலகத்திலேயே இல்லாத அரிசி என்று பிறகுதான் தெரிந்தது.

இதைவிட எனக்குப் பிடித்த ஒரு விஷயம் இருக்கிறது. அந்த இரண்டாம் இடம் போர்ட்லேண்டுக்கு உரியதே அல்ல. இண்டியானா அணிக்கு உரியது. 1981-ல் டாம் ஓவன்ஸ் என்ற ஆட்டக்காரரை வாங்குவதற்காக, மூன்று வருடம் கழித்து வரும் டிராஃப்ட் இடத்தை இண்டியானா எழுதிக்கொடுத்துவிட்டது. ஓவன்ஸ் அங்கே ஒரே ஒரு சீசன் ஆடினார். வருகிற விளைச்சலை முன்கூட்டியே விற்றுவிட்டுப் பிறகு தோப்பைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது நம் தேங்காய், மாங்காய்த் தோப்புக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் போர்ட்லேண்டைச் சொல்லிச் சிரிக்கிறவர்களில் இண்டியானாவைச் சொல்கிறவர்கள் குறைவு. கண்ணுக்குத் தெரிகிற கடைசிப் படியைத்தான் எல்லோரும் பிடித்துக்கொள்கிறார்கள்.

சரி, போர்ட்லேண்ட் ஜோர்டனையே எடுத்ததாக வைத்துக்கொள்வோம். டல்லாஸ் தம்பி உடனே, “அப்ப 6 கோப்பையும் போர்ட்லேண்டுக்கு சார்” என்பார். இங்கேதான் கணக்கு வாத்தியார் குறுக்கே வருகிறேன். உங்களுக்கெல்லாம் சமன்பாடு நடத்தும்போது என்ன சொல்லியிருக்கிறேன்? ஒரு இடத்தில் எண்ணை மாற்றினால் கீழே வரும் எல்லா வரியையும் மறுபடியும் போட வேண்டும். மேல் வரியை மட்டும் அழித்து எழுதிவிட்டு, விடையைப் பழையபடியே வைத்திருந்தவர்களுக்கு நான் முட்டை போட்டது ஞாபகம் இருக்கும்.

ஜோர்டன் போர்ட்லேண்டுக்குப் போனால் சிகாகோ வேறு அணி ஆகிவிடும். 1987-ல் சியாட்டில் எடுத்த ஸ்காட்டி பிப்பனை அதே இரவில் மாற்றிக்கொண்டது ஜோர்டனுக்குத் துணை தேடிய சிகாகோ. 1989-ல் பில் ஜாக்சன் பயிற்சியாளர் ஆனது அதே சிகாகோவில். இந்த இருவர் வருவதற்கு முன்னால் ஜோர்டன் அத்தனை புள்ளிகள் அடித்தும் ஒரு கோப்பைகூடக் கிடைக்கவில்லை; முதல் கோப்பை 1991-ல், ஏழாவது சீசனில். போர்ட்லேண்டில் டிரெக்ஸ்லரும் ஜோர்டனும் ஒரே பந்துக்கு ஆசைப்பட்டிருந்தால் இருவரில் ஒருவரை விற்றிருக்க மாட்டார்கள் என்று யார் சொல்ல முடியும்? இன்னொன்று. ஜோர்டன் இல்லாமலே போர்ட்லேண்ட் 1990-லும் 1992-லும் இறுதிச்சுற்றுக்குப் போனது. 1992-ல் அவர்களைத் தோற்கடித்தது ஜோர்டனேதான். அந்த டிரெக்ஸ்லர் 1995-ல் ஹூஸ்டனுக்கு மாறி, தன்னோடு கல்லூரியில் ஆடிய ஒலாஜுவானோடு சேர்ந்து கோப்பையும் வாங்கிவிட்டார். நாணயத்தின் மறுபக்கம் விழுந்திருந்தால் இதுவும் நடந்திருக்காது.

பாஸ்கெட்பால் புரியாத அத்தைமார்களுக்காக ஒரு கிரிக்கெட் கணக்கு. 2008 பிப்ரவரி, முதல் ஐ.பி.எல். ஏலம். ஒரு அணி அதிகபட்சம் 50 லட்சம் டாலர்தான் செலவு செய்யலாம். மும்பைக்கு சச்சின், டெல்லிக்கு சேவாக் என்று சில அணிகளுக்கு ‘ஐகான்’ ஆட்டக்காரர் இருந்தார். அந்த அணி வாங்கும் மிக விலை உயர்ந்த ஆளைவிட 15 சதவீதம் அதிகம் ஐகானுக்குக் கொடுக்க வேண்டும். சென்னைக்கு ஐகான் கிடையாது. “ஐயோ, நமக்கு மட்டும் ஆள் இல்லையே” என்று அப்போது வருத்தப்பட்டவர்கள் உண்டு. தோனியின் ஏலம் 15 லட்சம் டாலரைத் தொட்டது. மும்பை அந்த விலைக்கு அவரை எடுத்தால் சச்சினுக்கு 17.25 லட்சம் போகும். இரண்டு பேருக்கே 32.25 லட்சம். மீதி 17.75 லட்சத்தில் ஒரு அணியையே கட்ட வேண்டும். சென்னைக்கு அந்தத் தொல்லை இல்லை. எட்டாம் வகுப்பு சதவீதக் கணக்கு ஒன்று சேப்பாக்கத்துக்கு மஞ்சள் பூசிவிட்டது. “இதெல்லாம் எதுக்கு சார் படிக்கணும்” என்று கேட்டவர்கள் கவனிக்கவும்.

அதே வருடம், 19 வயதுக்குட்பட்ட உலகக்கோப்பை ஜெயித்த பையன்களுக்குத் தனியாக ஒரு தேர்வு நடந்தது. அது நிஜமாகவே டிராஃப்ட்தான். முதல் வாய்ப்பு டெல்லிக்கு. அணித்தலைவர் விராட் கோலி டெல்லிப் பையன்தான். டெல்லி அவரை விட்டுவிட்டு, அதே ஊர் வேகப்பந்து வீச்சாளர் பிரதீப் சங்வானை எடுத்தது. கோலி பெங்களூருக்குப் போனார். இதையும் இன்றுவரை கேலி செய்கிறார்கள். ஆனால் அன்றைய டெல்லி அணியில் சேவாக், கம்பீர், தவான், டிவில்லியர்ஸ், தில்ஷன், நம் தினேஷ் கார்த்திக் எல்லோரும் இருந்தார்கள். கோலி எந்த இடத்தில் இறங்கியிருப்பார்? பெங்களூரில் முதல் சீசனில் அவர் 13 ஆட்டத்தில் எடுத்தது 165 ரன். அதைப் பார்த்தும் பொறுத்துக்கொண்டு வைத்திருந்தார்கள். டெல்லி பொறுத்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான். 2022-ல் கோப்பை வென்ற குஜராத் அணியில் சங்வானும் இருந்தார். கோலிக்கு ஐ.பி.எல். கோப்பை கிடைத்தது 2025-ல்.

இப்போது டல்லாஸ் தம்பியின் பெரிய ஏக்கத்துக்கு வருகிறேன். அவர் அணியும் டல்லாஸ்தானே.

2015 ஜூன் 25. புரூக்ளினில் டிராஃப்ட். 51 பெயர் போய்விட்டது. 52-வதாக டல்லாஸ் மேவரிக்ஸ் ஒரு பெயரைச் சொன்னது: சத்னாம் சிங் பமாரா. பஞ்சாபில் பர்னாலா மாவட்டம், பல்லோ கே என்ற சிற்றூர். 19 வயது, 7 அடி 2 அங்குலம். என்.பி.ஏ. டிராஃப்டில் வந்த முதல் இந்தியர். அப்பா பல்பீர் சிங்கும் அதே அளவு உயரம், விவசாயி. அவர் இளமையில் கைக்கு வந்தது பந்து அல்ல, நிலம். பையனை லூதியானா பாஸ்கெட்பால் அகாடமிக்கு அனுப்பினார். 14 வயதில் உதவித்தொகை கிடைத்து பையன் அமெரிக்காவில் ஃபுளோரிடாவுக்குப் போனான். போகும்போது ஆங்கிலம் தெரியாது.

வாத்தியார் என்பதால் எனக்கு அந்த வரியில்தான் கண் நிற்கிறது. மொழி தெரியாத ஊரில் 14 வயதுப் பிள்ளை ஒன்று. மற்றவர்களைவிட ஒரு தலை உயரம். எங்கே போய் நின்றாலும் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். வாய் திறந்தால் பேச்சு வராது. நம் ஊரிலிருந்து ஏழாம் வகுப்பில் மதுரைக்கு ஹாஸ்டலுக்குப் போய், ஒரே வாரத்தில் அழுதுகொண்டு தென்காசி பஸ்ஸில் திரும்பி வந்தவர்கள் இதை வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பையன் 5 வருடம் தாக்குப்பிடித்தான்.

அவர் ஒரு என்.பி.ஏ. ஆட்டம்கூட ஆடவில்லை. டல்லாஸின் துணை அணியான டெக்சாஸ் லெஜண்ட்ஸில் 2 சீசன். அங்கேயும் பெரும்பாலும் பெஞ்ச். பிறகு இந்தியா திரும்பினார், ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி 2 வருடத் தடை, அதன்பின் அமெரிக்காவில் தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போய்விட்டார்.

“கல்லூரிக்குப் போய் நாலு வருஷம் ஆடிட்டு டிராஃப்டுக்கு வந்திருந்தா?” என்று ஒரு கேள்வி. “52-ல இல்லாம 30-க்குள்ள வந்திருந்தா?” என்று இன்னொன்று. இரண்டாவதை எளிதாகத் தள்ளிவிடலாம். எண்ணால் ஒன்றும் இல்லை. முந்தின வருடம், 2014-ல், 41-வதாக வந்தவர் நிகோலா யோகிச். டி.வி.யில் விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும்போது அவர் பெயர் வந்துபோனது. 3 முறை லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். மனு ஜினோபிலி 1999-ல் 57-வது. 2015-லேயே பட்டியலில் பெயரே வராத டி.ஜே. மெக்கானல், 6 அடி 1 அங்குலம், பத்து வருடம் கழித்து 2025 இறுதிச்சுற்றில் இண்டியானாவுக்காக ஓடிக்கொண்டிருந்தார். இந்திய வம்சாவளியில் முதலில் என்.பி.ஏ. கோர்ட்டில் கால் வைத்த கனடாக்காரர் சிம் புல்லர், 7 அடி 5 அங்குலம், அவரையும் டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. எடுத்தவர் ஆடவில்லை, எடுக்காதவர் ஆடினார்.

கல்லூரிக் கேள்விக்கு என் பதில் வேறு. சத்னாமுக்கு எதிராக இருந்தது காலம். அந்த டிராஃப்டுக்கு 9 நாளுக்கு முன்னால் கோல்டன் ஸ்டேட் கோப்பை வாங்கியது. இறுதிச்சுற்றில் பின்தங்கி இருந்தபோது நான்காவது ஆட்டத்தில் 7 அடி போகட்டை முதல் ஐந்திலிருந்து எடுத்துவிட்டு 6 அடி 6 அங்குல இக்வோடாலாவை இறக்கினார்கள். அதோடு ஆட்டம் திரும்பியது. ரிங்குக்குக் கீழே மலை மாதிரி நிற்கும் ஆளைவிட, ஓடுகிற ஆளும் தூரத்திலிருந்து போடுகிற ஆளும் வேண்டும் என்று லீக் முழுக்க முடிவாகிக்கொண்டிருந்த நேரம் அது. உயரம் வேண்டாம் என்றில்லை. அதே டிராஃப்டில் 4-வதாகப் போன போர்ஜிங்கிஸ் 7 அடி 3 அங்குலம். ஆனால் அவர் கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தைப் போடுவார். 1984-ல் போர்ட்லேண்ட் ஜோர்டனை விட்டுவிட்டு ஓடியது எந்த உயரத்தைத் தேடியோ, அந்த வெறும் உயரத்துக்கு 2015-ல் மதிப்புக் குறைந்துவிட்டது. நாலு வருடம் கழித்து, 2019-ல் வந்திருந்தால் இன்னும் குறைந்திருக்கும். தேதியை மாற்றினாலும் ஆளை மாற்றினாலும் சந்தை அதன் பாட்டுக்கு நகர்ந்துகொண்டே இருக்கிறது.

இனி, நான் சொல்ல வந்த ஆளுக்கு வருகிறேன். பெயர் எழுதவில்லை. அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். “பேரு மட்டும் வேண்டாம் சார், மிச்சத்தை எழுதுங்க” என்றார்.

நம் ஊர்ப் பையன். பத்தாம் வகுப்பிலேயே ஆறடி இரண்டு அங்குலம். ஸ்கோர் நோட்டில் அவர் பெயருக்கு எதிரே கோடு போட்டுப் போட்டே என் பென்சில் தேய்ந்தது. ஒரு வருடம் அணித் தேர்வு நடந்தது. 12 பேர் பட்டியல். அவர் 13-வது. ரிசர்வ். பன்னிரண்டாவதாக வந்த பையனுக்கும் இவருக்கும் ஆட்டத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. தேர்ந்தெடுத்தவர்களிடம் காரணம் இருந்திருக்கும். பந்தை நடத்திக்கொண்டு போகிற ஆள் தேவைப்பட்டிருக்கலாம். அந்தப் பன்னிரண்டாவது பையன் அணியோடு வெளியூர் போனான், கல்லூரியில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் இடம், பிறகு அதே கோட்டாவில் வேலை.

நம் ஊரில் டிராஃப்ட் என்பது இதுதான் பிள்ளைகளா. அமெரிக்கா போகிற கனவு கண்டு யாரும் இங்கே பந்தைத் தொட்டதில்லை. ரயில்வே அணி, வங்கி அணி, சுங்கத்துறை அணி, போலீஸ் அணி. தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப்., இந்தியன் ஓவர்சீஸ் வங்கி என்று சென்னையில் இருக்கும் அணிகளின் பெயர் அந்தக் காலத்துப் பையன்களுக்கு மனப்பாடம். ஒரு அணியில் இடம் என்றால் மாதச் சம்பளம், பி.எஃப்., குடும்பத்துக்கு மருத்துவம், வயதான பிறகு பென்ஷன். ஒரு சான்றிதழில் ஒரு தலைமுறையே ஏறி நின்றுவிடும். அதனால்தான் 12-க்கும் 13-க்கும் நடுவில் இருக்கிற கோடு இவ்வளவு வலிக்கிறது.

நம் ஆள் திருப்பூர் போனார், பனியன் கம்பெனியில் 9 வருடம். திரும்பி வந்து மோட்டார் பம்புசெட் பழுது பார்க்கிறார். சேத்தூரிலிருந்து சொக்கநாதன்புத்தூர் வரை எந்தக் கிணற்றில் எந்த மோட்டார் எத்தனை தடவை காயில் கட்டியது என்று கேட்டால் நோட்டுப் பார்க்காமல் சொல்வார். கல்யாணம், இரண்டு பிள்ளைகள், கட்டிய வீடு. ஆனாலும் வைகாசித் திருவிழாவில் தேருக்குப் பக்கத்தில் என்னைப் பார்த்தால், விபூதி பூசிக்கொண்டே, “சார், அந்த ஒரு பேர் மட்டும் மாறியிருந்தா” என்பார். முப்பது வருடத்துக்கு மேலாக இதே வாக்கியம்.

அவருக்கும் நான் அதே கணக்கைத்தான் போட்டுக் காட்டினேன். தம்பி, உன்னை 12-ல் எழுது. சரி. அடுத்த வரி? அணியில் போய் நீ முதல் ஐந்தில் ஆடியிருப்பாயா, பெஞ்சிலா? உன் அப்பா தென்னந்தோப்பில் மரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தது அதற்கு அடுத்த வருடம். அப்போது நீ வெளியூர்க் கல்லூரியில் இருந்திருப்பாய். படிப்பை விட்டுவிட்டு வந்திருப்பாயா, இல்லை அம்மா மட்டும் தாங்கியிருப்பார்களா? தங்கச்சி கல்யாணத்துக்குத் திருப்பூர்ப் பணம்தானே போனது? அந்த வருடம் கோட்டாவில் எத்தனை காலியிடம் இருந்தது, உன் இடத்தில் ஆடுகிற ஆளைக் கேட்டார்களா? வரிக்கு வரி போட்டுக்கொண்டே வந்தால் விடை பென்ஷனில் முடியலாம், திருப்பூரிலேயே முடியலாம். இரண்டுக்கும் இடம் இருக்கிறது.

அவர் சிரித்துவிட்டு, “ஆனா சார், பென்ஷன்ல முடியறதுக்கும் இடம் இருக்குல்ல?” என்றார்.

இருக்கிறதுதான். அதை இல்லை என்று சொல்ல எந்தக் கணக்கும் எனக்குத் தெரியாது. சாம் போவியின் கால் முறியாமல் இருந்திருக்கலாம். அந்த நாற்காலியிலிருந்து பார்த்த வரையில், இவர் 12-ல் இருந்திருக்கத் தகுதியானவர். அதை இங்கே எல்லோருக்கும் முன்னால் எழுதி வைக்கிறேன். அவர் கேட்டதும் பெரும்பாலும் அதைத்தான் என்று நினைக்கிறேன்.

இப்போது விஷயம் வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கிறது. அவர் மகள் ஒன்பதாம் வகுப்பு. வயது 14, உயரம் ஐந்தடி பத்து. இடது கையால் லே-அப் போடுகிறாள், அப்பாவுக்கு வராத ஒன்று. விளையாட்டு விடுதிக்குத் தேர்வு வருகிறது. அனுப்பலாமா என்று ஒரு நாள் ராத்திரி ஒன்பதரைக்கு வீட்டுக்கு வந்து கேட்டார். அவர் மனைவிக்கு இஷ்டமில்லை. “உங்களுக்குக் கிடைக்காததைப் பிள்ளை தலையில கட்டுறீங்க” என்கிறாராம். அந்த மதினி சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது, அதை அவரிடமே சொன்னேன். மீதிப் பாதிக்கு, பிள்ளையையே அழைத்து வரச் சொன்னேன்.

வந்தாள். பெண் பிள்ளைகள் பாஸ்கெட்பால் ஆடி என்ன ஆனார்கள் என்று கேட்டாள். நேரான கேள்வி. இருக்கிறதைச் சொன்னேன். அனிதா பால்துரை, சென்னைப் பெண், இந்திய அணிக்குத் தலைமை தாங்கியவர், தெற்கு ரயில்வே, 2021-ல் பத்மஸ்ரீ. கீத்து அன்னா ஜோஸ், கேரளத்துப் பெண், அவரும் சென்னையில் தெற்கு ரயில்வேக்கு ஆடியவர், 6 அடி 2 அங்குலம். 2011-ல் அமெரிக்கப் பெண்கள் லீக்கில் 3 அணிகள் அவரைச் சோதனை ஆட்டத்துக்கு அழைத்தன. போனார், ஆடிக் காட்டினார், எடுக்கவில்லை. திரும்பி வந்து இந்தியாவுக்குத் தொடர்ந்து ஆடினார்.

“எடுக்கலைன்னா அவங்க அழுதாங்களா தாத்தா?” என்றாள். அது எனக்குத் தெரியாதும்மா என்றேன். எடுக்காவிட்டால் நீ என்ன செய்வாய் என்று கேட்டேன். “பத்தாவது இங்கேயே படிப்பேன். சாயங்காலம் ஆடுவேன்” என்றாள், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பதுபோல. அவள் அப்பா வாசற்படியில் உட்கார்ந்து செருப்பு வாரை இழுத்து இழுத்துச் சரி செய்துகொண்டிருந்தார்.

விடுதியில் சேரும் பட்சத்தில் விசாரிக்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். பெண் பயிற்சியாளர் தங்கியிருக்கிறாரா, முழங்காலில் அடிபட்டால் எந்த மருத்துவரிடம் காட்டுவார்கள், பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், கணக்குக்கு டியூஷன் உண்டா. கடைசியில் உள்ளது வாத்தியார் புத்தி. வலித்தால் வலிக்கிறது என்று சொல்ல வேண்டும், மறைக்கக் கூடாது என்று பிள்ளையிடம் தனியாகச் சொன்னேன்.

தேர்வுக்கு அப்பா கூட வரக் கூடாது என்று அவளே சொல்லிவிட்டாள். “நீங்க ஓரத்துல நின்னு பெருமூச்சு விடுவீங்க, எனக்குக் கை நடுங்கும்” என்றாளாம். அத்தைதான் கூட்டிப்போகிறாள், காலை ஐந்தே கால் பஸ்ஸில். நம் ஆள் அன்றைக்கு ஒரு கிணற்றில் மோட்டார் இறக்கும் வேலையை ஒத்துக்கொண்டிருக்கிறார். சிக்னல் கிடைக்காத தோப்பாகப் பார்த்து.